குலம் பார்க்கும் குதிரைச் சந்தை

1973ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள். நியூயார்க் நகரை அடுத்த பெல்மாண்ட் பந்தயத் திடல். ஒன்றரை மைல் ஓட்டம். செக்ரட்டேரியட் எனும் மூன்று வயதுச் செந்நிறக் குதிரை புறப்பட்டது; பாய்ந்தது; பறந்தது! அது எல்லைக் கோட்டைக் கடந்தபோது, அடுத்த குதிரை 31 குதிரை நீளம் பின்தங்கிக் கிடந்தது. ஓடிய நேரம் 2 நிமிடம் 24 நொடி. அந்த நேரத்தை முறியடிக்கும் குதிரை அந்தப் பந்தயத்தில் இன்றுவரை தோன்றவில்லை. கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ், பெல்மாண்ட் என்ற மூன்று பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 25 ஆண்டுகளாக எந்தக் குதிரையும் சூடாத மும்முடியைச் சூடியது செக்ரட்டேரியட்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் ஓட்டமே முடிந்துவிட்டது!

காலொடிந்ததா? இல்லை. களைத்துத் தோற்றதா? இல்லை. அக்டோபர் 28ஆம் நாள் கனடாவில் ஓடிய கடைசிப் பந்தயத்திலும் வெற்றியே பெற்றது. பின் ஏன் நிறுத்தினர்? விற்றுவிட்டனர், தோழர்களே, விற்றுவிட்டனர்! பெல்மாண்டில் பறப்பதற்கு முன்பே, மும்முடிப் பந்தயங்களில் முதலாவது தொடங்குவதற்கு முன்பே, 1973 பிப்ரவரியிலேயே ஒப்பந்தம் எழுதி முடித்தாயிற்று. 32 பங்குகள், பங்கு ஒன்றுக்கு 1,90,000 டாலர், மொத்தம் 60 இலட்சத்து 80 ஆயிரம் டாலர். ஆண்டு முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது நிபந்தனை. மாணவன் தேர்வு எழுதுவதற்கு முன்பே, "இவன் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை" என்று சீட்டெழுதி வைத்துவிட்ட கதை இது.

"குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பகுத்தறிவாளருக்கு என்ன பேச்சு?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும், கேட்பது நல்லது. சூதாட்டத்துக்கு நாம் சாமரம் வீச வரவில்லை. பந்தயச் சீட்டால் தாலி அடகுக்குப் போன வீடுகளை நாடறியும், நாமும் அறிவோம். நாம் ரசிப்பது ஓட்டத்தை. உடலும் உரமும் ஒன்றுகூடி, உயிருள்ள ஒன்று தன் ஆற்றலின் எல்லையைத் தொடும் அந்தக் காட்சியை. "பந்தயம் சூதல்ல, திறமையின் விளையாட்டு" என்பது பந்தயக்காரர்களின் நெடுநாள் வாதம். சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்புரைத்தது. நன்று! திறமைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், அமெரிக்கப் பந்தய உலகின் சீமான்களைக் கேட்கிறோம்: திறமையைக் காட்டிய குதிரையை, திறமையைக் காட்டிய மறுகணமே, திடலைவிட்டு விரட்டுகிறீர்களே, அது ஏன்?

செக்ரட்டேரியட்டின் கதை பழங்கதை அல்ல, தொடர்கதை. 2015இல் அமெரிக்கன் ஃபரோ மும்முடி சூடியது. 37 ஆண்டுகள் காத்திருந்த மக்கள் களித்துக் கூத்தாடினர். அந்த அக்டோபரோடு ஓய்வு! மொத்தம் ஓடியது 11 பந்தயம். 2018இல் ஜஸ்டிஃபை வந்தது. பிப்ரவரி 18இல் முதல் ஓட்டம். ஜூன் 9இல் கடைசி ஓட்டம். நான்கு மாதங்கூட நிரம்பவில்லை. ஆறு பந்தயம், ஆறிலும் வெற்றி, மும்முடி! கணுக்காலில் வீக்கம் என்றனர். ஜூலையில் ஓய்வு என்றனர். 2022இல் ஃபிளைட்லைன். அதுவும் ஆறே பந்தயம், ஆறிலும் வெற்றி. நான்கு வயதில் ஓய்வு.

ஓய்வாம் ஓய்வு! உழைத்து ஓய்ந்தவருக்கு அல்லவா ஓய்வு? ஓடத் தொடங்கியதற்கு எப்படி ஓய்வு?

கணக்கைப் பார்த்தால் கள்ளம் புரியும். அமெரிக்கன் ஃபரோ தன் வாழ்நாளில் ஓடிச் சம்பாதித்தது ஏறத்தாழ 86 இலட்சத்து 50 ஆயிரம் டாலர். பண்ணைக்குப் போனதும் அதனோடு ஒரு பெண் குதிரையை இணைசேர்க்க முதலாண்டுக் கட்டணம் 2 இலட்சம் டாலர். ஒரு பருவத்தில் 150 பெண் குதிரைகள் என்று குறைத்தே கணக்கிடுவோம். ஆண்டுக்கு 3 கோடி டாலர்! ஃபிளைட்லைன் கதை இன்னும் விந்தை. ஓய்வு பெற்றதும் அதன் நாற்பதில் ஒரு பங்கு மட்டும் ஏலத்தில் 46 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அந்தக் குதிரை ஆறு பந்தயங்களிலும் ஓடி ஈட்டிய முழுத் தொகை 45 இலட்சத்துக்குச் சற்றே மேல். காலால் ஈட்டியது முழுவதும், இரத்தத்தின் நாற்பதில் ஒரு பங்குக்கு ஈடாகவில்லை!

உழைப்புக்குச் சில்லறை, பிறப்புக்குப் பெட்டி பெட்டியாகப் பொன்! இந்தக் கணக்கை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா, தோழர்களே?

இந்தக் குதிரை இனத்துக்குத் தரோபிரெட் என்று பெயர். கலப்பில்லாமல் வளர்க்கப்பட்டது என்பது பொருள். இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டு இதற்கென ஒரு குலவரலாற்று ஏடு அச்சேறியது. கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்து சென்ற மூன்று ஆண் குதிரைகளே மூலபுருடர்கள்: டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க். மூன்று கோத்திரம்! இன்றுள்ள தரோபிரெட் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை தந்தைவழியில் டார்லி அரேபியன் கோத்திரத்தைச் சேர்ந்தவை. ஏட்டில் தாய் தந்தை பெயர் இல்லாத குதிரை எவ்வளவு விரைவாய் ஓடினாலும் இந்தக் குலத்தில் சேர முடியாது. ஏடுதான் சாத்திரம், ஏட்டைக் காப்போரே புரோகிதர்.

மனிதரைக் குதிரையோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் திரித்துக் கூற வேண்டா. பிறப்பைக் கொண்டு மனிதரை அளந்த அதே முழக்கோல், வேறொரு நாட்டில், வேறொரு கொட்டிலில், வேறொரு உயிரை அளந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறோம். கோல் ஒன்று, பிடித்திருக்கும் கைகள்தான் வேறு.

சரி, அந்தக் கோலாவது ஒழுங்காக அளக்கிறதா? 2006ஆம் ஆண்டு 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை ஏலத்துக்கு வந்தது. குலம் உயர்ந்த குலம். விலை 1 கோடியே 60 இலட்சம் டாலர்! மூன்று பந்தயம் ஓடியது; ஒன்றிலும் வெல்லவில்லை. ஈட்டிய தொகை 10,440 டாலர். இதற்கு மறுபுறம் ஜான் ஹென்றியைப் பாருங்கள். குலப்பெருமை இல்லை, தோற்றப் பொலிவு இல்லை, முரட்டுக் குணம் வேறு. குட்டியாக இருந்தபோது 1,100 டாலருக்கு விற்றார்கள். அது 83 பந்தயம் ஓடி, 39இல் வென்று, 65 இலட்சம் டாலருக்கு மேல் குவித்தது. 1981இல் அமெரிக்காவின் ஆண்டுச் சிறப்புக் குதிரையாகத் தேர்வாயிற்று. 1984இல் ஒன்பது வயதில் மீண்டும் தேர்வாயிற்று!

ஒன்பது வயதுவரை அதை ஓடவிட்டது யார்? கருணையா? கலையார்வமா? இரண்டுமில்லை. ஜான் ஹென்றி காயடிக்கப்பட்ட குதிரை. அதன் இரத்தத்தை விற்க வழியில்லை; எனவே ஓட்டத்தை மதித்தார்கள். 1960 முதல் 1964 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து ஆண்டுச் சிறப்புக் குதிரையாக விளங்கிய கெல்சோ? காயடிக்கப்பட்டது. 1974 முதல் 1976 வரை மூன்றாண்டு அதே சிறப்பைப் பெற்ற ஃபோரிகோ? அதுவும் காயடிக்கப்பட்டதே. என்ன கொடுமை! குலம் பெருக்கும் உரிமையைப் பறிகொடுத்த குதிரைக்குத்தான் தன் திறமையை முழுமையாகக் காட்டும் உரிமை கிடைக்கிறது.

"ஐயோ, ஓடவிட்டால் காலொடியுமே! 2006இல் பார்பரோவுக்கு நேர்ந்தது தெரியாதா?" என்று கண் கசக்குவர் பண்ணைச் சீமான்கள். தெரியும். டெர்பி வென்ற அந்த அருமைக் குதிரை, இரண்டே வாரத்தில் பிரீக்னெஸ் பந்தயத்தில் காலொடிந்து, மாதக்கணக்கில் துடித்து, 2007 ஜனவரியில் மாண்டது. அந்த வேதனையை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: காயடித்த குதிரைக்கு மட்டும் எலும்பு இரும்பாலானதா? ஜான் ஹென்றியை 83 முறை ஓடவிட்டபோது எங்கே போயிற்று இந்தக் கண்ணீர்? அஞ்சுவது குதிரையின் காலுக்காக அல்ல. தங்கள் முதலின் காலுக்காக!

"வேகம் மரபில் வருவதாயிற்றே, அறிவியல் பேசும் நீங்கள் அதை மறுப்பீர்களா?" என்பர். மறுக்கவில்லை. தாய் தந்தையின் கூறுகள் குட்டிக்கு வரும், ஓரளவு வரும். ஆனால் செக்ரட்டேரியட்டுக்குப் பிறந்த குட்டிகள் அறுநூறுக்கும் மேல். லேடீஸ் சீக்ரெட், ரைசன் ஸ்டார் போன்ற நல்ல ஓட்டக்குதிரைகள் அவற்றுள் உண்டு. தந்தைக்கு நிகர்? ஒன்றுகூட இல்லை. மேலும், மரபு உண்மை என்றால் சோதனை அன்றோ கூடுதலாக வேண்டும்? ஆறே பந்தயம் ஓடிய குதிரையின் கால்கள் மூன்றாண்டு தாங்குமா, ஐந்தாண்டு தாங்குமா என்று யார் கண்டார்? ஆய்ந்து பாராத விதையை வயலெங்கும் விதைப்பவனை உழவன் என்போமா?

விளைவையும் காண்கிறோம். 1960இல் அமெரிக்கப் பந்தயக் குதிரை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 11 முறைக்கு மேல் ஓடியது. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 6 ஆகச் சுருங்கிவிட்டது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆயினும், நெடுநாள் ஓடித் தாங்கியதைத் தேர்ந்தெடுக்காமல், குறுகிய நாளில் மின்னியதையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால், தாங்கும் உடல் எங்கிருந்து வரும்?

இந்தக் குலப்பற்றாவது கடைசிவரை நிலைக்கிறதா? ஃபெர்டினாண்டைக் கேளுங்கள், கேட்க அது உயிரோடு இல்லை. 1986இல் டெர்பி வென்றது. 1987இல் ஆண்டுச் சிறப்புக் குதிரை. பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போயிற்று. எதிர்பார்த்த குட்டிகள் பிறக்கவில்லை. 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கும் கிராக்கி குறைந்தது. 2002இல் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பினார்கள்! இரத்தத்தைப் பூசித்தவர்கள், இலாபம் வற்றியதும் அந்த இரத்தத்தையே தரையில் ஓடவிட்டார்கள். மாமன்னனாக முடிசூடிய குதிரைக்கே இக்கதி என்றால், பெயரறியாத ஆயிரக்கணக்கான குதிரைகளின் கதி என்ன? அமெரிக்காவில் இறைச்சிக் கூடங்கள் 2007இல் மூடப்பட்ட பின்னும், எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் குதிரைகள் வண்டி வண்டியாகப் போயின.

திருத்த வழியே இல்லையா? உண்டு. 2020ஆம் ஆண்டு அமெரிக்க ஜாக்கி கிளப் சிறு வேலி ஒன்று கட்டியது: அந்த ஆண்டு முதல் பிறக்கும் பொலிகுதிரைகள், ஒரு பருவத்தில் 140 பெண் குதிரைகளுக்கு மேல் சேரலாகாது என்று. பெரும் பண்ணைகள் வழக்கு மன்றம் ஏறின. கென்டக்கிச் சட்டமன்றத்தில் எதிர்ச்சட்டம் கொண்டுவந்தனர். 2022 பிப்ரவரியில் வேலி பிடுங்கப்பட்டது. சாத்திரத்தைக் கையால் தொட்டால் சனாதனி சீறுவான். பணப்பெட்டியைத் தொட்டால் பண்ணைக்காரன் சீறுவான்.

சீறட்டும். நாம் கேட்பது மூன்றே. ஒன்று: ஐந்து வயது நிரம்பாத ஆண் குதிரையின் குட்டிகளை ஏட்டில் பதியாதீர். இரண்டு: செயற்கைக் கருவூட்டலுக்கு அந்த ஏடு விதித்துள்ள தடையை நீக்குவீர். தடை தாண்டும் போட்டிக் குதிரைகள் போட்டியிலும் கலந்துகொண்டு குட்டிகளையும் தருகின்றன. பந்தயக் குதிரைக்கு மட்டும் ஏன் 'ஓட்டமா, பண்ணையா' என்ற வஞ்சகத் தேர்வு? மூன்று: இணைசேர்க்கைக் கட்டணத்தில் ஒரு பங்கை, ஓடி ஓய்ந்த எல்லாக் குதிரைகளின் முதுமைக்கும் கட்டாயமாக ஒதுக்குவீர். ஏட்டில் இடம் பெற்றதற்கு மட்டுமல்ல, ஏலத்தில் விலைபோகாததற்கும் புல்லும் நிழலும் வேண்டும்.

தோழர்களே! ஜான் ஹென்றி 32 வயதுவரை வாழ்ந்து, 2007இல் கென்டக்கியின் குதிரைப் பூங்காவில் மறைந்தது. அதற்குக் குட்டி இல்லை; கோத்திரம் இல்லை; குலம் அதோடு முடிந்தது. ஆயினும் அதைக் காண ஆண்டுதோறும் மக்கள் வந்தார்கள். யாருடைய மகன் என்று பார்க்க வரவில்லை. என்ன செய்தது என்று அறிந்ததால் வந்தார்கள். மக்களுக்குத் தெரிந்த இந்த நீதி, மாளிகை கட்டிய பண்ணைகளுக்குத் தெரியவில்லை.

பிறப்பை ஏலம் போடும் சந்தை கென்டக்கியில் நடந்தாலும் சந்தைதான். காஞ்சியில் நடந்தாலும் சந்தைதான். அதை எங்கே கண்டாலும் அடையாளம் காட்டுவது நம் கடமை. ஓடத் தெரிந்ததை ஓடவிடுங்கள்! உலகம் அதன் காலைப் பார்த்து மதிப்பிடட்டும். ஏட்டைப் பார்த்து வேண்டா!