2023-இன் கணக்கை முடித்துத் தாருங்கள்

சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2012 மார்ச்சில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ என்ற ஆவணத்தை வெளியிட்டார். உள்கட்டமைப்புக்கு 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 11 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ச்சி, குடிசையில்லாத தமிழகம், தடையில்லா மின்சாரம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. உள்கட்டமைப்பு வளர்ச்சிக்கென்றே அந்த ஆண்டில் தனிச் சட்டமும் வந்தது. 2016 டிசம்பரில் அவர் மறைந்தார். 2021-ல் ஆட்சி மாறியது. 2023-ம் வந்து போய்விட்டது. அதற்குள் 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று அடுத்த இலக்கு வந்து நிற்கிறது.

புதிய இலக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சித்திரையில் புதுக்கணக்கு தொடங்கும் கடைக்காரர், பழைய பேரேட்டைக் கூட்டிப் பார்த்து, வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்று எடுத்தெழுதிவிட்டுத்தான் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவுவார். 2012-ன் ஆவணத்தையும் அப்படி வரி வரியாகக் கூட்டி, நிறைவுக் கணக்கு ஒன்றைச் சட்டமன்றத்தின் முன் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த ஆவணத்தில் மின்சாரத்தைப் பற்றிய அத்தியாயம் ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். 2012-ன் கடைசி மாதங்களை நினைத்துப் பாருங்கள். மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கோவையின் வார்ப்படப் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டிய பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. சில ஆண்டுகளில் அந்த இருட்டு விலகியது. எப்படி விலகியது? வல்லூர், வடசென்னை, மேட்டூர் என்று புதிய அனல்மின் அலகுகள் வந்தன. கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு சேர்ந்தது. தனியாரிடம் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களும் போடப்பட்டன. இவற்றில் எது எவ்வளவு கைகொடுத்தது? தொலைநோக்குத் திட்டத்தால் நடந்தது எவ்வளவு, அதற்கு முன்பே தொடங்கியிருந்த வேலைகளால் நடந்தது எவ்வளவு? அந்தக் கொள்முதல் மின்வாரியத்தின் தலையில் ஏற்றிய சுமை என்ன? 2017 ஜனவரியில் வாரியத்தின் கடனுக்காக மத்திய அரசின் உதய் திட்டத்தில் மாநிலம் சேர வேண்டி வந்ததே, அதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்? இதற்கு விடை எழுதிவைத்தால், அடுத்த பற்றாக்குறை தலைகாட்டும்போது இதே நாற்காலிகளில் இருப்பவர்கள் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.

அந்த ஆவணத்தில் அதிவேக ரயில் பாதைகளும் இருந்தன. ரயில்வே மத்திய அரசின் கையில் இருக்கிறது. தன் கையில் இல்லாத ஒன்றைத் தன் இலக்காக எழுதும்போது, யாரிடம் கேட்பது, அவர்கள் மறுத்தால் மாற்று வழி என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதினால்தான் அது திட்டம். அதில்லாத வரி வெறும் ஆசை.

திட்டமிடத் தெரியாத மாநிலமல்ல இது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்ற ஒதுக்கீடு அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழியும். கிடங்கில் சில மாத இருப்பு எப்போதும் இருக்க வேண்டும். தயாரித்தவர் பெயரை மறைத்துத்தான் மாதிரி பரிசோதனைக்குப் போகும். யார் பொறுப்பு, எவ்வளவு இருக்கிறது, எப்போது தீரும் என்பது கிடங்கில் வேலை பார்ப்பவருக்கும் தெரியும். ஆட்சிகள் மாறி மாறி வந்தபோதும் இந்த ஏற்பாடு நிலைத்தது. பிற மாநிலங்களும் இதைப் பார்த்துத் தங்களுக்கென்று கழகங்களை அமைத்துக்கொண்டன. பளபளப்பான தாளில் அச்சிட்ட ஆவணங்களைவிட அந்தப் பாஸ்புக்கின் மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

நம்முடைய ஆய்வுக் கூட்டங்களில் இன்றும் முதலில் வரும் கேள்வி, ஒதுக்கிய நிதியில் எவ்வளவு செலவானது என்பதுதான். மார்ச் மாதத்தில் பில்கள் அவசர அவசரமாகக் கருவூலத்துக்குப் போவதற்கு அந்தக் கேள்வியே காரணம். செலவான பணத்தால் யாருக்கு என்ன மாறியது என்ற கேள்வி கூட்டம் கலையும் நேரத்தில்தான் வருகிறது, பல சமயம் வருவதேயில்லை. மதிப்பாய்வுக்கென்று அரசிடம் தனித்துறை இருந்தும் இதுதான் நிலை. இதை மாற்ற உங்கள் குழுவுக்கு இப்போது நேரமும் இருக்கிறது. 1971-ல் உங்கள் குழு பிறந்த காலத்தில் ஆண்டுத் திட்டத்துக்காக டெல்லியோடு பேசுவது பெரிய வேலையாக இருந்தது. 2015-ல் மத்தியத் திட்டக்குழுவே இல்லாமல் போனது, 2017-ல் கடைசி ஐந்தாண்டுத் திட்டமும் முடிந்தது. அந்த வேலை போனபின் கிடைத்த நேரத்தை இந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.

நிறைவுக் கணக்கில் நான் எதிர்பார்ப்பது இதுதான். ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே 2012-ல் இருந்த நிலை, 2023-ல் எட்டிய நிலை, பொறுப்பேற்ற துறை. நிறைவேறாததற்கு அந்தத் துறைச் செயலாளர் தன் சொல்லில் எழுதிய காரணம். எந்தக் கட்சி ஆட்சியில் போட்ட திட்டம் என்ற பேச்சு அதில் வேண்டாம். தமிழில் எழுதி, ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2030-க்கான இலக்குப் பட்டியலுக்கும் இதே கட்டங்களை இன்றே போட்டுவிடுங்கள். கடைசிக் கட்டம் மட்டும் இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த இதழின் ஆசிரியர்