ஏற்றலும் ஒரு திறமே

பிறரிடம் ஏற்று வாழ்தலை நம் முன்னோர் இழிவென மொழிந்தனர். ஹாக்கி ஆட்டத்திலோ ஏற்றலே தலையாய திறமாம். ஆயினும், நம் களத்தில் மாலைதோறும் பயிலப்படுவன ஓங்கியடித்தலும் கோல் போடுதலுமே. வரும் பந்தை மட்டையில் அடக்கப் பயில்வார் மிகச் சிலர்.

சென்ற ஆண்டு இறுதிப் போட்டியில் நம் வீரரொருவர் மட்டையினின்று பந்து தெறித்தது. எதிரணியினர் அதனைக் கவர்ந்து வென்றனர். பழி முழுதும் அவர்மேல் வீழ்ந்தது. அது முறையன்று. நாம் எவரும் பயிலாத ஒன்றை அவரிடம் மட்டும் எதிர்நோக்கினோம்.

பரற்கல் மலிந்த தரையே குற்றமுடைத்து என்பாருமுளர். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் பொற்பதக்கங்களை வென்ற இந்தியா, 1976-இல் மாண்ட்ரீலில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பெற்ற ஒலிம்பிக் ஹாக்கியில் ஏழாமிடமே பெற்றது. சமமான தரையும் அதற்கெனப் பயிலாதார்க்குத் துணைசெய்யாது என்பது இதனாற் பெறப்படும்.

செய்யத்தக்கது எளிது. பந்து வருமுன் ஒருமுறை சுற்றிலும் நோக்குக. அதற்கு எதிர்சென்று, முழங்கால் மடித்துத் தாழ்ந்து நிற்க. மட்டையின் மேற்பகுதி சற்றே முன் சாய்ந்திருக்கட்டும். அன்றேல் பந்து மேலெழும். இடக்கை இறுகவும் வலக்கை நெகிழவும் பற்றின், மட்டை சிறிது பின்வாங்கிப் பந்தின் வேகத்தைத் தணிக்கும்.

நாள்தோறும் கால்மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு ஆட்டத் தலைவரை வேண்டுகிறோம். கோல் போட்டவரைத் தோளிற் சுமக்கும் நண்பர்காள், அப்பந்தை முதற்கண் அடக்கித் தந்தவரையும் சற்றே நினைமின்!