கண்ணாடிக் கூரையும் கடற்கரைச் சாலையும்

சென்ற கோடையில் ஒரு பிற்பகல் திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நண்பர் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த எஸ்யூவி. பின்னிருக்கையில் அவருடைய எட்டு வயது மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். முக்காணிப் பாலத்தைக் கடந்து பழையகாயலை நெருங்கும்போது தலைக்கு மேலே டயர் வெடித்தது போன்ற ஓசை கேட்டது. நண்பர் நிதானமிழக்காமல் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் பார்த்தால் நான்கு டயர்களும் நலமாக இருந்தன. கூரையின் பெரிய கண்ணாடிதான் வெளிப்புறமாக உப்பி, ஆயிரமாயிரம் துண்டுகளாகப் பிளந்து, பாதி ஒட்டியும் பாதி உதிர்ந்தும் கிடந்தது. முன்னால் லாரி எதுவும் போகவில்லை. சாலையோரத்தில் மரமும் இல்லை. வெயில் தாங்காமல் கூரையின் உள்திரையை மூடி வைத்திருந்தோம். குழந்தையின் மேல் ஒரு சில்லுகூட விழாததற்கு அந்தத் துணித்திரை ஒன்றே காரணம்.

மறுநாள் பணிமனையில் கிடைத்த பதில் சுருக்கமானது. "கல்லு பட்டிருக்கும் சார். வாரண்டியில வராது." எந்தக் கல், எப்போது பட்டது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது உடைந்த கண்ணாடியைக் காட்டிலும் இந்தப் பதில்தான். காரணத்தை அறிய யாரும் முயலாமலேயே பழி மட்டும் உரிமையாளர் தலையில் இறங்கிவிடும் ஓர் ஏற்பாட்டை நாம் அனைவரும் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

முதலில் இந்தக் கண்ணாடி எத்தகையது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான சன்ரூஃப்களில் பொருத்தப்படுவது டெம்பர்டு எனப்படும் கடினமாக்கப்பட்ட கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றைப் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். வெளிப்பரப்பு முந்திக்கொண்டு இறுகிவிடும். உட்பகுதி பின்னால் இறுகும்போது வெளிப்பரப்பை இழுத்துப் பிடிக்கும். ஆகவே மேல்தோல் அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலிமை இதற்கு வருவது இதனால்தான். ஆனால் ஒரு கீறல் அந்த மேல்தோலைக் கடந்து நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு, கண்ணாடி ஒட்டுமொத்தமாகச் சிதறிவிடும். இதில் சிறு விரிசல் என்ற இடைநிலை கிடையாது. முன்கண்ணாடியின் விரிசலுக்குப் பிசின் ஊற்றிச் சரிசெய்வதுபோல இதைச் சரிசெய்ய இயலாதென்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கீறல் எங்கிருந்து வருகிறது? லாரியிலிருந்து தெறிக்கும் ஜல்லி ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. துறைமுகச் சாலையில் நிலக்கரியும் உப்பும் கல்லும் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் பின்னால் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டத்தில் பொருத்தும்போது விளிம்பில் விழுந்த நுண்ணிய சேதம் இரண்டாவது காரணம். அது மாதக்கணக்கில் உறங்கியிருந்து ஒரு வெப்ப நாளில் விழித்துக்கொள்ளும். மூன்றாவது காரணம் விசித்திரமானது. கண்ணாடியை உருக்கும்போது நிக்கல் சல்பைடு என்ற மாசு, கண்ணுக்குத் தெரியாத துகளாக உள்ளே தங்கிவிடுவதுண்டு. வேகமாகக் குளிர்விப்பதால் அத்துகள் உயர்வெப்ப வடிவத்திலேயே சிறைப்படுகிறது. பின்னர் பல மாதங்களிலோ ஆண்டுகளிலோ மெல்ல வடிவம் மாறிப் பருத்து, சுற்றியுள்ள கண்ணாடியை உள்ளிருந்தே பிளக்கிறது. கல்லும் வேண்டாம், கையும் வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களில் இது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட சிக்கல். அதனால்தான் கட்டடக் கண்ணாடிகளை முன்கூட்டியே உலையில் நெடுநேரம் வைத்து, உடையக்கூடியவற்றை அங்கேயே உடையவிடும் சோதனை நடைமுறைக்கு வந்தது.

வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏசியை முழுவேகத்தில் போட்டதால்தான் உடைந்தது என்று சொல்வோரும் உண்டு. குறையற்ற டெம்பர்டு கண்ணாடி ஏறத்தாழ 200 டிகிரி வெப்ப வேறுபாட்டையே தாங்கக்கூடியது. தூத்துக்குடி வெயில் எவ்வளவு கொடியதானாலும் அது தனியாக நின்று ஒரு நல்ல கண்ணாடியை உடைத்துவிடாது. ஏற்கனவே ஊனமுற்ற ஒன்றை இறுதியாகத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. எனவே ஏசி போட்டவரைக் குற்றவாளியாக்குவது, மூச்சடக்கி மூழ்கியவனை விட்டுவிட்டுக் கரையில் நின்றவனை நனைந்திருக்கிறாயா என்று கேட்பதைப் போன்றது.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2017இல் அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிற்கு வந்த புகார்களை அலசியபோது, சன்ரூஃப் தானாக வெடித்ததாக 850க்கும் மேற்பட்ட புகார்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி 2011க்குப் பிந்தியவை. அதாவது கூரைக் கண்ணாடி அகன்றுகொண்டே போன காலத்தைச் சேர்ந்தவை. தென் கொரிய ஆய்வாளர்கள் 2013 வாக்கில் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். கூரைக் கண்ணாடியின் ஓரங்களில் கறுப்பாகப் பூசப்படும் பீங்கான் மை கண்ணாடியின் வலிமையைக் குறைக்கிறது என்பது அவர்கள் கண்டது. பிரச்சினை உலகறிந்தது, நம்மூர்ப் பணிமனை மட்டும் "கல்லு பட்டிருக்கும்" என்கிறது.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது, அது நம் கண்முன்னேயே இருக்கிறது. வண்டியின் முன்கண்ணாடி லாமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழ்வான பிசின் படலம். உடைந்தாலும் உதிராது. பிரெஞ்சு வேதியியலர் எதுவார் பெனெதிக்துஸ் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி முன்கண்ணாடி இவ்வகையாகத்தான் இருக்கவேண்டும் என்கிறது. தலைக்கு மேலே படுக்கைவாட்டில் தொங்கும் கண்ணாடிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நெற்றிக்கு எதிரே உள்ள கண்ணாடி உதிரக்கூடாதென்றால், உச்சந்தலைக்கு மேலே உள்ளது மட்டும் உதிரலாமா?

இந்தக் கேள்வியைத் தூத்துக்குடியிலிருந்து கேட்பதற்குக் கூடுதல் பொருத்தம் இருக்கிறது. உடையாத அடுக்குப் பொருளை இந்தக் கடல் நமக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது. முத்துச் சிப்பியின் உட்புற மினுமினுப்பு, அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் நுண்ணிய தகடுகளை மெல்லிய புரதப் படலத்தால் ஒட்டி அடுக்கியது. நூற்றுக்கு 95 பங்கு சுண்ணாம்புதான். தனியாக எடுத்தால் நொறுங்கும். ஆயினும் அடுக்காகச் சேர்ந்தபோது, எந்த விரிசலும் நேராக ஓட முடியாமல் தகட்டுக்குத் தகடு திரும்பித் திரும்பிக் களைத்துவிடுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2021இல் இதே அமைப்பைப் பின்பற்றி, எளிதில் நொறுங்காத ஒளிபுகும் பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1961க்குப் பிறகு பெருங்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக எடுத்துக் காட்டினார். கருவைச் சுற்றிப் படலம் படலமாக ஒளியைப் படியவைக்கும் கலையை ஆய்வுக்கூடத்தில் பயின்ற ஊர் இது.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 4 அன்று சில்லாநத்தத்தில் மின்சார எஸ்யூவி ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்ற அளவில் தொடங்கியிருக்கிறது. அந்த நிறுவனத்தைக் குறைகூறுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. இதுவரை வண்டிகளை வாங்கவும் ஏற்றுமதிக்குக் கப்பலேற்றவும் மட்டும் தெரிந்திருந்த ஊர், இனி வண்டி செய்யும் ஊராகவும் ஆகியிருக்கிறது. செய்பவர்களிடம் கேள்வி கேட்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து வருகிறதென்றே நினைக்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைப் புறக்கணிக்கக்கூடாது. வண்டி நீரில் மூழ்கினால் லாமினேட்டட் கண்ணாடியை உடைத்து வெளியேறுவது கடினம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்த மாவட்டத்தில் இந்த அச்சத்தை அற்பமாக எண்ண முடியாது. ஆனால் வெளியேற்றத்துக்குரிய வழி பக்கவாட்டுக் கதவுகளின் கண்ணாடி. பல வண்டிகளில் அவை இன்றும் டெம்பர்டு வகையே. விலை கூடுமே என்றால், கூடட்டும். கூரையைத் திறந்து வானத்தைக் காட்டுவதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதிப்பவர், அது தலையில் விழாமலிருக்கச் சற்றே கொடுக்க மறுப்பாரா?

விதி மாறும்வரை நாம் செய்யவேண்டியவை என்ன? வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: கூரைக் கண்ணாடி டெம்பர்டா, லாமினேட்டடா? விற்பனையாளர் விழித்தால் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். ஓடும்போது உள்திரையை மூடியே வையுங்கள். குழந்தைகளைக் கூரை வழியே தலைநீட்ட விடாதீர்கள். முகத்தில் படும் காற்று இன்பம்தான்; திடீர் பிரேக்கில் அந்த விளிம்பே கழுத்தை முறிக்கும்.

உடைந்துவிட்டால் முதலில் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். திரை திறந்திருந்தால், சில்லுகள் சிக்காத பட்சத்தில் மூடுங்கள். கண்ணாடியைத் திறக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். உதிர்வதற்கு முன் மேலிருந்து படமெடுங்கள். நிக்கல் சல்பைடால் உடைந்தால் விரிசல்கள் புறப்படும் மையத்தில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப்போல இரண்டு பெரிய சில்லுகள் ஒட்டி நிற்பதுண்டு. அவை கிடைத்தால் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். "கல்லு பட்டிருக்கும்" என்ற பதிலுக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம். பின்னர் தார்ப்பாயால் மூடி மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள். புதிய கண்ணாடி பொருத்தும்போது தண்டவாளங்களிலும் நீர் வடியும் குழாய்களிலும் சிக்கிய சில்லுகளை முழுதாக உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குழாய்களில் ஏற்கனவே தேரி மணலும் உப்புத் தூசியும் அடைந்திருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் இருக்கையில் இறங்குவது அதனால்தான்.

காப்பீட்டைப் பொறுத்தவரை மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்பது வழக்கமான பாலிசி விதி. பழுது பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குப் பொதுவாக 2,000 ரூபாய் உங்கள் பங்கு. கோரினால் 20இலிருந்து 50 விழுக்காடு வரை சேர்ந்த நோ கிளைம் போனஸ் போய்விடும். அதைக் காக்கும் கூடுதல் பிரிவு உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தயாரிப்புக் குறை என்று நம்பினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டுகளுக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் இல்லை. எஸ்யூவி அதைத் தாண்டும், ஆயினும் கட்டணம் பெரிதன்று.

முத்துக் குளித்த காலத்தில் மூழ்குபவனின் கயிற்றை மேலிருந்து பிடிப்பவன் மைத்துனனாக இருப்பான் என்று இக்கரையில் சொல்வார்கள். தங்கை விதவையாகக்கூடாது என்ற அக்கறை கயிற்றை நழுவவிடாது என்பதே அதன் தத்துவம். தன் நலமும் பிறர் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கவேண்டும் என்பதை அந்த மீனவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று கண்ணாடி செய்பவர், வண்டி விற்பவர், காப்பீடு கொடுப்பவர் மூவருக்கும் கூரை உடைந்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கயிற்றின் ஒரு முனையை அவர்கள் கையிலும் கட்டுவதுதான் சட்டத்தின் வேலை.

நண்பரின் வண்டிக்குக் கண்ணாடி வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின. பழையபடியே டெம்பர்டு கண்ணாடி, வேறு கிடைக்காதென்றார்கள். இப்போதெல்லாம் அந்தச் சிறுமி வண்டியில் ஏறியதும் முதலில் மேலே பார்த்து, திரை மூடியிருக்கிறதா என்று கேட்கிறாள்.