9.78-ஐ ஏன் அழிக்கிறோம்?

படிவம் 4 ஆய்வுக்கூடத்தில் ஊசலை ஆட்டிக் கணக்குப் போட்டேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.78 என்று வந்தது. பாடநூலில் 9.81. புள்ளி போய்விடுமே என்று 9.81 என மாற்றி எழுதினேன். கெடா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே உண்மை அளவே சுமார் 9.78தான் என்பது பிறகுதான் தெரிந்தது. என் ஊசல் அவ்வளவு துல்லியமானதல்ல என்பது வேறு கதை.

புவி இயற்பியலாளர்களும் அளவைத் திருத்துகிறார்கள். ஆனால் காரணம் காட்டித் திருத்துகிறார்கள். பீடோங் தோட்டங்களிலிருந்து தெரியும் குனோங் ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். உயர உயர, மீட்டருக்கு 0.3086 மில்லிகால் வீதம் ஈர்ப்பு குறையும். உச்சியில் அது ஏறத்தாழ 375 மில்லிகால். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 19 கிராம் குறைவதற்குச் சமம். ஆனால் காலடியில் இருக்கும் பாறையும் இழுக்கிறது. குறைந்ததில் ஒரு பகுதி திரும்பிவிடும். 1735-இல் ஆண்டிஸ் மலைக்குப் புறப்பட்ட பியேர் பூகேயின் பெயரால் வழங்கும் திருத்தம் இது.

அட்சரேகை, உயரம், பாறை, சுற்றியுள்ள மேடுபள்ளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு நீக்கிய பின்னும் சில மில்லிகால் மிஞ்சும். அடியில் இருப்பது கனத்த பாறையா, லேசான பாறையா என்று சொல்வது அந்த மிச்சம்தான். நாமோ அதை அழிப்பானால் துடைக்கிறோம்.

ஆசிரியர்களே, செய்முறை அறிக்கையில் பாடநூல் விடைக்குப் புள்ளி வேண்டாம்; வேறுபாட்டுக்குக் காரணம் தேடி எழுதிய மாணவருக்குக் கொடுங்கள்.