விசிறியை நிறுத்து என்று யாருக்கு உபதேசம்?

கோடை பிறந்ததும் சிக்கன உபதேசிகள் கிளம்பிவிடுகிறார்கள். "விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனத்தைக் குறைத்து வையுங்கள், மின்சாரக் கட்டணம் தானாக இறங்கும்" என்கிறார்கள். குளிர்சாதனம் உள்ள மாளிகைக்குச் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளட்டும். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கீழே கிடக்கும் தொழிலாளிக்கு இதைச் சொல்ல இவர்களுக்கு என்ன யோக்கியதை?

கணக்குப் பார்ப்போம். சாதாரண மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் சுற்றினால் 60 நாளில் 54 யூனிட். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுக்கும் மில் தொழிலாளிக்கு ஒன்று, இரவில் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆக 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் சர்க்கார் உத்தரவிட்டதே, ஒரு விளக்கு ஏற்றுமுன்பே அந்த அளவு தீர்ந்துவிடுகிறது! இதில் எங்கே ஊதாரித்தனம்?

மின்சாரம் வீணாகக் கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. போடுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டரில் விசிறியின் வேகம் குறையும், மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது. மிச்சம் அங்கேயே சூடாகப் போகும். அதை மாற்றுங்கள். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். 30 வாட்டில் சுற்றும் புது ரக விசிறியும் வந்திருக்கிறது. ஆனால் அதன் விலை விவசாயக் கூலியின் பல நாள் சம்பளம். சிக்கனத்துக்கும் கையில் முதல் வேண்டியிருக்கிறதே!

இதைவிடப் பெரிய கொள்ளை ஒன்று உண்டு. உபதேசிகள் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை.

ஒரு லைன் வீட்டில் ஆறு குடும்பங்கள். குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 200 யூனிட். ஆறு பேருக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால், 2022 செப்டம்பர் கட்டணப்படி ஒவ்வொருவருக்கும் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் ரூ.2.25; ஆக ரூ.225. ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ரூ.1,350. ஆனால் ஆறுக்கும் ஒரே மீட்டர் என்றால்? 1,200 யூனிட்டும் ஒரே பணக்கார வீட்டின் செலவாகக் கணக்காகும். யூனிட் 8, 9, 10, 11 ரூபாய் என்று படி ஏறி, தொகை ரூ.8,750 ஆகும்! அதே விசிறி, அதே விளக்கு, அதே யூனிட். ரூ.7,400 அதிகம்! 2024 ஜூலையில் இந்த விகிதங்கள் மேலும் உயர்த்தப்பட்டன.

வீட்டுக்காரர் இந்தச் சுமையை அப்படியே குடியிருப்போர் தலையில் இறக்குகிறார். சிலர் அதற்கு மேலும் வைத்து வாங்குகிறார்கள். ஆறு குடும்பத்துக்குச் சேர வேண்டிய 600 இலவச யூனிட்டில் 500 காற்றோடு போகிறது. ஒரு விசிறியை நிறுத்தினால் இது திரும்பி வருமா?

இது போதாதென்று மத்திய சர்க்கார் 2023இல் புது விதி கொண்டுவந்தது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நேரத்துக்கு ஒரு கட்டணம். தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் என்கிறது அந்த விதி. பகலில் வெயில் இருக்கும்போது மலிவாம்! பகலில் வயலிலும் ஆலையிலும் நிற்பவன், அந்தி சாய்ந்து வீடு திரும்பித்தானே விளக்குப் போடுவான்? மலிவு நேரம் வீட்டில் இருப்பவனுக்கு, கூடுதல் நேரம் உழைப்பவனுக்கா?

மின்சாரத்தில் எந்தச் சலுகையும் தானாக வந்ததில்லை. 1970இல் கட்டணப் பிரச்சினைக்காகப் போராடிய விவசாயிகள் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த ரத்தத்தை மறக்கலாகாது.

ஆகவே தோழர்களே! லைன் வீடுதோறும் கூடுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். மாதந்தோறும் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் திரளாகச் செல்லுங்கள். குடும்பத்துக்கு ஒரு மீட்டர்! குடியிருப்போருக்கும் இலவச யூனிட்! உழைப்பவன் வீட்டுக்கு நேரக் கட்டணம் கூடாது! இந்த மூன்றையும் வென்றெடுப்பதே நமக்கான சிக்கனம்.