பாலைச் சுனையில் குளிக்கலாமா?

கோடைக்கால நண்பகல். வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொட்டிருக்கிறது. செந்நிறப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு பெரிய சுனை. நீங்கள் அதன் கரையில் நின்றால் என்ன செய்வீர்கள்? உடனே நீரில் இறங்கிவிடுவீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் இறங்கினேன். மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் நெஞ்சளவு ஆழம் வந்ததும் கால்கள் குளிரில் விறைத்துவிட்டன!

இது ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு. மக்டோனல் மலைத்தொடரின் கெட்டியான குவார்ட்சைட் பாறையை ஓர் ஓடை நெடுங்காலமாக அறுத்து உண்டாக்கிய இடுக்கு இது. பாறையின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு; அதாவது, நம் வீட்டு ஆணியில் பிடிக்கும் துரு.

காட்சி அழகானதுதான். ஆனால் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. 'இந்தப் பாலையில் நீர் எப்படி நிற்கிறது?' என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். இங்கே ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்கு விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 2 கோடி ஜூலுக்கும் சற்று அதிகம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள். அந்த ஆற்றல் முழுவதும் ஆவியாக்கவே செலவானால் நாளொன்றுக்கு ஒன்பது கிலோ, அதாவது 9 மில்லிமீட்டர் உயர நீர் போய்விடும். ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல்! திறந்த தொட்டியை வைத்து அளந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் ஆவியாகிறது. ஆண்டு மழையோ ஏறத்தாழ 280 மில்லிமீட்டர்தான். வரவைப் போல் பத்து மடங்கு செலவு!

இருந்தும் சுனை எளிதில் வற்றாததற்குக் காரணங்கள் உண்டு. உயர்ந்த பாறைச் சுவர்கள் பகலின் பெரும்பகுதி நிழல் தருகின்றன, காற்றையும் தடுக்கின்றன. சுனையின் தென்முனையில் ஆழம் சுமார் 14 மீட்டர். வெந்நீர் அடர்த்தி குறைந்ததால் மேலே மிதக்க, குளிர்நீர் கீழேயே தங்குகிறது. என் கால்கள் விறைத்த காரணம் இப்போது விளங்குகிறதா? எப்போதாவது பெருமழை பெய்து ஓடையில் வெள்ளம் வரும்போதுதான் சுனை மீண்டும் நிரம்புகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. அதில் கரைந்த பொருள்கள் போவதில்லை. செங்குத்தான சுவருள்ள ஒரு குட்டையில் 3 மீட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அதில் 2 மீட்டர் ஆவியாகிவிட்டால், மீதமுள்ள நீரில் கரைபொருளின் செறிவு மூன்று மடங்காகிவிடும். நாம் தேய்த்த சோப்பும், பூசிய வெயில் களிம்பும் அப்படித்தான்.

"இவ்வளவு பெரிய சுனையில் ஒருவர் குளித்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கலாம். ஓடும் ஆற்றில் அழுக்கு கரைந்து அடித்துச் செல்லப்படும். தேங்கிய சுனையில் அடுத்த வெள்ளம் வரும்வரை அது அங்கேயே கிடக்கும். வருகிற ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டால்? வறட்சிக் காலத்தில் மீன்களுக்கு இத்தகைய சுனைகளை விட்டால் வேறு புகலிடம் இல்லை. பாறை வாலபிகளும் பறவைகளும் இங்கேதான் நீர் அருந்துகின்றன. இந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் அரெர்ன்டே மக்களுக்கோ சுனைகள் உயிர்நீர் மட்டுமல்ல, புனிதமான இடங்களும்கூட.

ஆகவே குளிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அனுமதி உள்ள இடத்தில், பெரியவர்கள் துணையுடன், மெல்ல இறங்குங்கள். திடீரெனக் குதித்தால் குளிர்நீர் மூச்சைத் திணறச் செய்யும். சோப்பும் களிம்பும் வேண்டாம். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போதும். கரையேறும்போது, நீங்கள் வந்து போன சுவடே அந்த நீரில் இருக்கக் கூடாது.

ஆவியாதலைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஒரு சுனையின் கரையில் நிற்கும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வருமானால், நீங்கள் அறிவியல் கற்றதற்குப் பொருள் உண்டு.