சஹனைச் சுற்றி ஓர் இடம்



வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு தாய். வயது நாற்பதைத் தாண்டியவர். அவருடைய பிள்ளைகள் இருவர் என்னிடம் ஓதியவர்கள். அவருக்குக் கை கால் மூட்டுகளில் கடும் வருத்தம் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் அஸருக்குப் பின் அவருடைய கணவரைக் காணப் போயிருந்தேன். அறைக்குள்ளிருந்து அந்தத் தாய் ஸலாம் சொன்னார். நானும் பதில் சொல்லிவிட்டு, வழமைபோல ஸப்ரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

“மௌலவி, ஸப்ரு இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா சுபஹுக்கு எழும்பினா வுழூச் செய்யக் குழாயத் திருக ஏலா. அத யாருக்கிட்ட சொல்ற?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. நோயாளியைப் பார்க்கப் போனால் நாம் பேசுகிறோம், கேட்பதில்லை. அன்றுதான் முதல் தடவையாக, “இந்த வைத்தியத்தால் உங்களுக்கு என்ன கிடைக்க வேணும்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. இடியப்பம் பிழிய வேண்டும். மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும். அத்தஹிய்யாத் இருப்பில் நோவில்லாமல் இருக்க வேண்டும். கடைசியாகக் கொஞ்சம் தாமதித்து, “கலியாண ஊட்டில சஹனில எல்லாரோடயும் இரிந்து தின்ன வேணும்” என்றார்.

கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு வலீமாவில் அவருடைய கையிலிருந்த செதில்களைக் கண்டு, பக்கத்திலிருந்த பெண் எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு அவர் எந்தக் கலியாண வீட்டுக்கும் போகவில்லை.

அவருக்கிருப்பது சொரியாட்டிக் ஆத்ரைட்டிஸ். சொரியாசிஸ் என்ற தோல் நோயைச் சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். உடலைப் பாதுகாக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக உடலைத் தாக்குவதால் வருவது. இது தொற்று நோய் அல்ல. தொட்டாலும், ஒரே சஹனில் சாப்பிட்டாலும், ஒரே துவாயைப் பாவித்தாலும் ஒட்டாது. இந்தத் தோல் நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலும் சில வருடங்கள் கழித்து, மூட்டுகளிலும் அழற்சி உண்டாகிறது. முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் வருவதே அதிகம். ஆண், பெண் இருபாலாருக்கும் வரும்.

அடையாளங்களைத் தெரிந்து கொள்ளுங்கள். காலையில் எழும்பினால் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகியிருக்கும். ஒரு விரல் முழுவதுமே வீங்கிப் பருத்துவிடும். குதிகாலில் நோவு இருக்கும். நகங்களில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் தெரியும். எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு இருக்கும். மூட்டுவாதத்துக்கென வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனை இதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். அதைப் பார்த்து, “ஒன்றுமில்லை, சோம்பல்தான்” என்று வீட்டார் முடிவு கட்டிவிடக் கூடாது. மாதக்கணக்கில் தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதாகலாம்.

அந்தத் தாயின் ஆசைகள் அற்பமானவை என்று யாரும் நினைக்க வேண்டாம். நெடுங்காலம் வைத்தியர்கள் வீங்கிய மூட்டுகளை எண்ணியும், இரத்த அறிக்கையைப் பார்த்துமே வைத்தியத்தின் பலனை அளந்தார்கள். ஐரோப்பாவின் மூட்டுவாத வைத்தியர் அமைப்பு 13 நாடுகளின் நோயாளிகளிடமே கேட்டு, 2014ஆம் ஆண்டு ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டது. அவர்களுக்கு முக்கியமானவையாகப் பன்னிரண்டு விடயங்கள் அதில் இருந்தன. முதலிடம் நோவுக்கு. அடுத்து வந்தவை களைப்பு, தோல், தொழிலும் பொழுதுபோக்கும், அன்றாடக் காரியங்களைச் செய்யும் சக்தி, உடல் அசௌகரியம், தூக்கம் ஆகியன. வருத்தத்தோடு வாழப் பழகுவது, பயம், வெட்கம், மனச்சோர்வு, நாலு பேரோடு கலந்து பழகுவது ஆகியனவும் அதில் இடம்பெற்றன. வெள்ளவத்தைத் தாய் சொன்ன நான்கும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடக்கம்! 2016இல், இந்நோய் பற்றிய மருந்து ஆய்வுகள் கட்டாயம் அளக்க வேண்டியவற்றுள் களைப்பும் சேர்க்கப்பட்டது. நோயாளிகள் வற்புறுத்தியதால் வந்த மாற்றம் அது.

ஆகவே சகோதரிகளே, கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள்: எதைச் செய்ய ஏலாமல் இருக்கிறது? எது திரும்பக் கிடைத்தால் போதும்? நெரிசலான கிளினிக்கில் ஐந்து நிமிடமே கிடைத்தாலும் அந்தத் தாள் பேசும். தோல் வைத்தியரிடம் மூட்டு நோவையும், மூட்டு வைத்தியரிடம் தோலையும் மறைக்காமல் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றி இதற்கு வைத்தியம் பெறலாம். மூட்டுவாதத்துக்கும் புனர்வாழ்வுக்குமென ராகமையில் தனி வைத்தியசாலையே உண்டு.

மருந்து விடயத்தில் மிகவும் கவனம் தேவை. மெதொட்ரெக்சேட் என்ற மாத்திரையை இதற்குப் பரவலாகக் கொடுக்கிறார்கள். அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பாவிக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெட்டியிலேயே எழுதி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்து ஆகாது. பிள்ளை பெற எண்ணுகிறவர்கள் மாதங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லி மாற்றிக் கொள்ள வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். புதிய ஊசி மருந்துகள் பலருக்கு நல்ல பலன் தந்திருக்கின்றன. ஆனால் விலை அதிகம். பெயரில்லாத தூளையும் மாத்திரையையும் வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் முதலில் சுகம்போலத் தெரியும். நிறுத்தியதும் தோல் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் ஏலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த சலுகை. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் தமது நோயைச் சொல்லிக் கேட்டபோது கிடைத்த பதில் அது. கதிரையில் அமர்ந்து தொழும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

அந்தத் தாய் தன் நான்கு ஆசைகளையும் எழுதிக் கொண்டு போனார். வைத்தியர் அதை வாசித்துவிட்டு மருந்தை மாற்றி, கைப் பயிற்சிக்கும் அனுப்பினாராம். கணவர் குழாயை மாற்றினார். இப்போது திருக வேண்டியதில்லை, மணிக்கட்டால் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் வரும். மகளின் தலையைச் சில நாட்களில் அவரே பின்னுகிறார். இடியப்பம் மட்டும் இன்னும் கணவரின் கையால்தான்!

நான்காவது ஆசை வைத்தியரின் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த வலீமாவில் கையில் செதில் உள்ள ஒரு சகோதரி தயங்கி ஓரமாக நின்றால், அவரை அழைத்து உங்கள் சஹனிலேயே இருத்திக் கொள்ளுங்கள். அவர் சாப்பிடத் தொடங்கியதும் நீங்களும் அதே பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள்.